பூர்வீகம் தேடப் புறப்படுவோர்க்கு: ஊர்வாரியாக ஓர் இணைய வழிகாட்டி

என் தாத்தாவின் குடியுரிமைச் சான்றிதழில், பிறந்த இடம் என்னும் கட்டத்தில் இரண்டே சொற்கள் இருக்கின்றன: கோட்டூர், மெட்ராஸ். அதை நம்பி நானும் என் தம்பியும் இரண்டு ஆண்டுகள் சென்னைக் கோட்டூர்புரத்தையே சுற்றிச் சுற்றித் தேடினோம். தாத்தாவோ உயிரோடு இருந்தவரை நெல், வாய்க்கால், நாற்றங்கால் என்றுதான் பேசினார். பட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. சான்றிதழை எழுதிய எழுத்தருக்கு 'மெட்ராஸ்' என்றால் நகரமன்று. அந்த மாநிலம் முழுவதும் மெட்ராஸ்தான். 1969இல்தான் அதற்குத் தமிழ்நாடு என்ற பெயர் சட்டப்படி வந்தது. கோட்டூர் என்ற பெயரில் பொள்ளாச்சிப் பக்கம் ஓர் ஊர் இருக்கிறது, தேனிப் பக்கம் ஓர் ஊர் இருக்கிறது, மன்னார்குடிப் பக்கம் ஓர் ஊர் இருக்கிறது. எங்களுடையது மன்னார்குடிக் கோட்டூர். அதைச் சொன்னது இணையம் அன்று. அத்தை வீட்டு அலமாரியில் கிடந்த ஒரு வான்கடிதம்.

இந்தத் தேடலில் நான் கற்றவற்றை, புதிதாகத் தொடங்கும் சிங்கப்பூர்த் தமிழர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இளையவர்கள் பலர் வெளிநாட்டுத் தளங்களில் கணக்குத் திறந்து, தாத்தாவின் பெயரை இட்டுப் பார்த்து, ஒன்றும் வராமல் மனம் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். அவர்கள் மீது குற்றமில்லை. அந்தத் தளங்கள் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயரை நம்பிக் கட்டப்பட்டவை. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயர் மகனுக்கு முன்னெழுத்தாகிறது. பேரன் காலத்தில் அதுவும் மறைந்துவிடுகிறது. இன்னார் மகன், இன்னார் மகள் என்பது இங்கே அடையாள அட்டையில் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்று வரும்; ஜோகூர்ப் பாலத்துக்கு அப்பால் மலேசியாவில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று வரும். மாரிமுத்து மகன் சுப்பையா என்று தேடினால் நூறு சுப்பையாக்கள் வந்து நிற்பார்கள். அவர்களில் நம் சுப்பையாவைப் பிரித்துக் காட்டுவது ஊர் ஒன்றுதான். ஊர், வட்டம், தகப்பனார் பெயர் மூன்றும் சேர்ந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். ஆகவே முதலில் ஊரை உறுதி செய்யுங்கள். ஊர் எந்த வட்டாரத்தில் இருக்கிறதோ, அதைப் பொறுத்தே எந்தத் தளத்தைத் திறப்பது என்பதும் அமையும்.

முதற்படி: வீட்டில் இருப்பதை மேசையில் பரப்புங்கள்

பழைய பிஸ்கட் டின், அலமாரியின் மேல்தட்டு, சாமி படத்தின் பின்புறம் எல்லாவற்றையும் பாருங்கள். பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை, குடியுரிமைச் சான்றிதழ், கடப்பிதழ், திருமண அழைப்பிதழ், மணியார்டர் ரசீது, படத்தின் பின்னால் எழுதிய குறிப்பு ஆகிய அனைத்தும் வேண்டும். பாட்டிமாரிடம் 'பிறப்புச் சான்றிதழ்' என்று கேட்டால் விழிப்பார்கள். மலாயில் 'சூராட் பெரானாக்' எங்கே என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். அடையாள அட்டை இங்கே 1948இல் அறிமுகமானது. சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் 1957இல் வந்தது. உங்கள் முன்னோர் இங்கே வந்தது அதற்கு முன்பா பின்பா என்பதைப் பொறுத்து எந்தத் தாள் வீட்டில் இருக்கும் என்று கணிக்கலாம்.

எல்லாவற்றிலும் மதிப்பு மிக்கவை ஊர்க் கடிதங்கள். நீல நிற வான்கடிதத்தை மடித்த இடத்தில் அனுப்புநர் முகவரி இருக்கும்: 'இன்ன ஊர், இன்ன ஊர் வழி, தஞ்சை ஜில்லா' என்று. அந்த 'வழி' என்னும் சொல்லுக்கு முன்னால் இருப்பதே பெரிய தபால் நிலையம். எங்களுக்குக் கிடைத்த கடிதத்தில் 'மன்னார்குடி வழி' என்று இருந்தது; இரண்டு ஆண்டுக் குழப்பம் ஒரு நொடியில் தீர்ந்தது. தபால் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். 1972 ஆகஸ்டுக்குப் பிந்தைய கடிதமாக இருந்தால் ஆறு இலக்க பின்கோடு இருக்கக்கூடும். அதை இந்திய அஞ்சல் துறையின் தளத்தில் இட்டால் அந்த எண்ணுக்கு உட்பட்ட கிளை அஞ்சலகங்கள் எல்லாம் மாவட்டப் பெயரோடு வரும்.

பிறகு பெரியவர்களிடம் உட்காருங்கள். 'நம்ம ஊர் எது?' என்ற ஒரே கேள்வியோடு எழுந்துவிடாதீர்கள். அதற்கு 'தஞ்சாவூர்ப் பக்கம்' என்ற பதில்தான் வரும். சுற்றி வளைத்துக் கேட்க வேண்டும். ஊருக்குப் போனால் எந்த ஸ்டேஷனில் இறங்குவீர்கள்? சந்தை எந்த ஊரில், என்ன கிழமை கூடும்? ஆற்றைக் கடக்க வேண்டுமா? குலதெய்வம் எது, கோயில் எங்கே? நம் வீட்டுக்குப் பெண் எடுத்த ஊர் எது, கொடுத்த ஊர் எது? கப்பல் ஏறியது நாகப்பட்டினத்திலா மெட்ராஸிலா? அழைத்து வந்தது யார்? இப்படிக் கேட்டால் ஊர்ப்பெயரை மறந்தவர்கள்கூட, சந்தைக்கு மாட்டு வண்டியில் போன கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். அந்தக் கதையில் மூன்று ஊர்ப்பெயர்கள் இருக்கும். மூன்றையும் வரைபடத்தில் குறித்துக் கோடு போட்டால் நடுவில் உங்கள் ஊர் அகப்படும். அனுமதி கேட்டுக் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்தப் படியைத் தள்ளிப் போடாதீர்கள். ஆவணக் காப்பகம் அடுத்த ஆண்டும் திறந்திருக்கும், எண்பத்தாறு வயது அத்தைக்கு அந்த உறுதி இல்லை.

இரண்டாம் படி: எழுத்துக்கூட்டலுக்கு ஒரு தாள் ஒதுக்குங்கள்

ஆங்கிலேய எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதினார். வீராசாமியின் 'வீ' சில பதிவுகளில் 'வி' என்ற ஆங்கில எழுத்தோடும், சிலவற்றில் 'டபிள்யூ' எழுத்தோடும் தொடங்கும். சின்னப்பன் 'எஸ்' என்ற எழுத்திலும் இருப்பார், 'சி', 'எச்' சேர்ந்தும் இருப்பார். பழனி, 'பள்ளனி' என்று ஒலிக்கும்படியும் எழுதப்பட்டிருக்கலாம். ழகரம் வரும் பெயர் என்றால் 'எல்', 'ஆர்', 'இசட்' மூன்றையும் முயல வேண்டும். ஊர்ப்பெயர்களும் இப்படியே: திருநெல்வேலி 'டின்னவெல்லி', இராமநாதபுரம் 'ராம்நாட்', திருச்சிராப்பள்ளி 'ட்ரிச்சினோபொலி', நாகப்பட்டினம் 'நெகபட்டாம்'. ஒரு தாளில் உங்கள் முன்னோர் பெயருக்கும் ஊருக்கும் வரக்கூடிய எல்லா எழுத்துக்கூட்டல்களையும் எழுதி, தேடிய தளத்தையும் தேதியையும் பக்கத்தில் குறியுங்கள். இது இல்லாமல் தேடினால் ஆறு மாதம் கழித்து அதே தேடலை மறுபடியும் செய்துகொண்டிருப்பீர்கள்.

மூன்றாம் படி: சிங்கப்பூரில் இருந்து தொடங்குங்கள்

ஊர் தெரிந்துவிட்டது என்று உடனே தமிழ்நாட்டுத் தளங்களுக்குப் பாயாதீர்கள். இங்கே இருக்கும் பதிவுகளே வளமானவை, படிக்க எளிதானவை.

தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம்தான் நான் அதிகம் பயன்படுத்தியது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845 முதல் அதில் இருக்கிறது. மலாயா டிரிபியூன் போன்ற பிற இதழ்களும் இருக்கின்றன. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் மின்வடிவில் கிடைக்கின்றன. 1887இல் சி. கு. மகுதூம் சாயபு நடத்திய சிங்கை நேசன் இதழும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. முரசில் வெறும் செய்திகளைத் தேடாதீர்கள். மரண அறிவிப்பு, நன்றி அறிவிப்பு, திருமண வாழ்த்து, சங்கக் கூட்டத்தில் நன்கொடை தந்தோர் பட்டியல் ஆகியவற்றில்தான் சாதாரண மனிதர்களின் பெயர்கள் இருக்கின்றன, அதுவும் பல நேரம் ஊர்ப்பெயரோடு. ஒரு சிறிய எச்சரிக்கை: பழைய தமிழ் அச்செழுத்துகளைக் கணினி அடிக்கடி தவறாகப் படிக்கிறது. சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்கள் அதைக் குழப்புகின்றன. முழுப் பெயரால் வரவில்லை என்றால் பெயரின் ஒரு பகுதியால் தேடுங்கள். அதுவும் வரவில்லை என்றால், இறந்த நாள் தெரிந்திருந்தால் அதை ஒட்டிய ஒரு வார இதழ்களை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். பிற்கால இதழ்கள் சிலவற்றை விக்டோரியா ஸ்திரீட் நூலகக் கட்டடத்தில் உள்ள கணினிகளில் மட்டுமே பார்க்க முடியும்.

அடுத்தது தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆர்க்கைவ்ஸ் ஆன்லைன். படங்கள், வரைபடங்கள், 1800 முதல் 1867 வரையிலான நீரிணைக் குடியேற்ற (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) ஆவணங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. கையெழுத்து ஆவணங்களைப் பொதுமக்களே படித்துத் தட்டெழுதித் தரும் திட்டம் ஒன்று 2015 முதல் நடக்கிறது. உங்கள் முன்னோர் 1825 முதல் 1873 வரையிலான காலத்தில் கைதியாக இங்கே கொண்டுவரப்பட்டவர் என்று குடும்பத்தில் பேச்சிருந்தால் இந்த ஆவணங்களைத் தவறவிடாதீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டிய கைகள் அவை.

ஆனால் என் மனத்தைத் தொட்டது வாய்மொழி வரலாற்று மையத்தின் பதிவுகள். 1979இல் தொடங்கிய அந்த மையம் தமிழர்கள் பலரைப் பேட்டி கண்டிருக்கிறது, தமிழிலும் ஆங்கிலத்திலும். உங்கள் தாத்தா அதில் பேசியிருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் அவரோடு அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அதே கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர், அதே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) குடியிருந்தவர் பேசியிருக்கலாம். எனவே பெயரால் தேடாமல் இடத்தாலும் தொழிலாலும் தேடுங்கள்: தஞ்சோங் பகார், செம்பவாங், சிராங்கூன் சாலை, துறைமுக வாரியம், நகராட்சி. ஒரு முதியவர் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் அதிகாலை நான்கு மணிக்குக் குழாயடியில் நின்ற வரிசையை விவரிப்பதைக் கேட்டேன். தாத்தா ஏன் கடைசிவரை நான்கு மணிக்கே எழுந்தார் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

இடப்பெயரிலும் கவனம் வேண்டும். முந்தைய தலைமுறை சொன்ன பெயர்கள் அரசாங்க வரைபடத்தில் இருக்காது. சுண்ணாம்புக் கம்பம் என்றால் சிராங்கூன் சாலைப் பகுதி. வட்டித்தொழில் செய்த செட்டியார்களின் கிட்டங்கிகள் (தொழிலிடங்கள்) இருந்தது மார்க்கெட் ஸ்திரீட்.

பிறப்பு, இறப்புப் பதிவுகள் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் பொறுப்பில் இருக்கின்றன. பதிவு 1872இல் தொடங்கியது. சிங்பாஸ் வழியாக விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் பதிவேட்டின் சாற்றைப் பெறலாம். திருமணப் பதிவில் பலர் ஏமாறுகிறார்கள். மாதர் சாசனம் என்னும் சட்டம் 1961 செப்டம்பரில் நடப்புக்கு வரும் முன் பல இந்துத் திருமணங்கள் சடங்கோடு முடிந்தன, அரசிடம் பதியப்படவில்லை. அப்படியானால் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் போன்ற கோயில்களிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். கத்தோலிக்கர்கள் ஓபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்தை அணுகலாம். 1888இல் கட்டப்பட்ட அந்தக் கோயில் தமிழ்க் கத்தோலிக்கர்களின் தாய்க்கோயில். முஸ்லிம்கள் தங்கள் பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேட்டைக் கேட்கலாம்.

கல்லறைகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். பிடாடாரி மயானம் மூடப்பட்டு, 2001க்குப் பிறகு தோண்டி எடுக்கப்பட்டுவிட்டது. சுவா சூ காங்கில் 1998 முதல் அடக்கத்துக்குப் பதினைந்து ஆண்டு வரம்பு இருக்கிறது. எனவே இன்று கல்வெட்டோடு நிற்கும் முன்னோர் கல்லறை எதுவானாலும், இந்த வார இறுதியிலேயே போய் நான்கு பக்கமும் படமெடுத்து வையுங்கள்.

நான்காம் படி: கப்பலும் மலாயாவும்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குக் கப்பல்வாரியான பெயர்ப் பட்டியல்கள் இருக்கின்றன. தந்தை பெயர், வயது, ஊர் எல்லாம் அதில் வரும். அதைப் பார்த்துவிட்டு நமக்கும் அப்படி ஒன்று கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். மலாயாவுக்கு வந்தவர்களில் மிகப் பலர் ஊரில் ஆள் திரட்டிவரும் கங்காணி வழியாகவோ சொந்தச் செலவிலோ வந்தவர்கள். இங்கே பாதை வேறு.

வந்த ஆண்டு தோராயமாகத் தெரிந்தால் கப்பலைக் கண்டுபிடிக்கலாம். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா 1970களின் தொடக்கம்வரை மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடியது. அதற்குப் பின் எம்.வி. சிதம்பரம். பழைய நாளிதழ்களின் கப்பல் பத்தியில் வருகைத் தேதிகள் இருக்கும். 'தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் ரஜூலாவில் வந்து இறங்கினேன்' என்று பாட்டி சொல்லியிருந்தால், பஞ்சாங்கத்தையும் கப்பல் பத்தியையும் சேர்த்து வைத்து அந்த நாளையே பிடித்துவிடலாம். 1938க்குப் பிறகு வந்தவர் என்றால், இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்த பின் வந்தவர் என்று பொருள். அவர் பெரும்பாலும் சொந்தச் செலவில் வந்திருப்பார்.

குடும்பம் முதலில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்து, பிறகு சிங்கப்பூருக்கு வந்ததா? தோட்டத்தின் பெயரை உறுதி செய்யுங்கள். தொழிலாளர்கள் தோட்டத்துக்குத் தாங்களே ஒரு பெயர் வைத்திருப்பார்கள். நிர்வாகத்தின் பெயர் வேறாக இருக்கும். நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் மாதந்தோறும் தோட்டவாரியாக ரப்பர் விளைச்சல் வெளிவந்தது. அந்தப் பெயர்களை வட்டார வரைபடத்தோடு ஒப்பிட்டால் உங்கள் தோட்டம் தெரியவரும். 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழின் பழைய இதழ்கள், மலேசியத் தேசிய ஆவணக் காப்பகமான ஆர்க்கிப் நெகாரா, பிறப்பு இறப்புக்கு ஜேபிஎன் என்னும் தேசியப் பதிவுத் துறை ஆகியவை அடுத்த வாயில்கள். ஜேபிஎன்னிடம் உறவுமுறைச் சான்று கேட்பார்கள், தயாராக வைத்திருங்கள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் காணாமல் போனவர்கள் இல்லாத குடும்பம் குறைவு. படைவீரராக இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரால் தேடலாம். கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் பொறித்த பெயர்களும் அதில் வரும். ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தொழிலாளர்களின் பெயர்கள் அதில் இடம்பெறவில்லை. அந்த வெறுமை இன்னும் நெஞ்சை அறுக்கிறது. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர் என்றால் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: தமிழ்நாடு, மாவட்டம் மாவட்டமாக

இங்கேதான் பலர் வழிதவறுகிறார்கள். கடிதத்தில் இருக்கும் ஜில்லா இன்றைய மாவட்டம் ஆகாது. பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது; 1997இல் திருவாரூர் வந்தது; 2020இல் மயிலாடுதுறை. மன்னார்குடியும் கூத்தாநல்லூரும் இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கின்றன. இராமநாதபுரத்திலிருந்து 1985இல் சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்தன. ஆகவே 'ராம்நாட் ஜில்லா' என்றால் காரைக்குடியும் இருக்கலாம், சிவகாசியும் இருக்கலாம். திருநெல்வேலியிலிருந்து 1986இல் தூத்துக்குடியும், 2019இல் தென்காசியும் பிரிந்தன. கடையநல்லூர்க்காரர்கள் இன்று தென்காசி மாவட்டத்தில்தான் தேட வேண்டும். தென்னார்க்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் என்று ஆனது. புதுக்கோட்டை 1948வரை தனிச் சமஸ்தானம், 1974இல்தான் தனி மாவட்டம். கன்னியாகுமரி 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரையும், பின்னர் அது சேர்ந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்தது. அதன் பழைய பதிவுகளுக்குத் திருவனந்தபுரம் போக வேண்டியிருக்கும், மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும்.

மாவட்டம் தெரிந்ததும் தமிழ்நாடு அரசின் நில ஆவணத் தளத்தைத் திறவுங்கள். பட்டா என்னும் நில உரிமைப் பதிவைப் பார்ப்பதற்காகவே அது இருக்கிறது. ஆனால் மாவட்டம், வட்டம், கிராமம் என்று அது தரும் பட்டியலே நமக்கு ஒரு கருவி. நம் வீட்டில் சொல்லும் ஊர் தனி வருவாய்க் கிராமமா, அல்லது வேறொரு கிராமத்தின் சிற்றூரா என்பது அதில் தெரிந்துவிடும். சில சேவைகளுக்கு இந்தியக் கைப்பேசி எண் கேட்கும். ஊரில் இருக்கும் உறவினர் உதவி வேண்டியிருக்கும். வீட்டில் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் அதன் எண்ணையும் சார்பதிவாளர் அலுவலகப் பெயரையும் வைத்து, பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்று (அந்தச் சொத்து கைமாறிய விவரம்) பார்க்கலாம். மிகப் பழைய பத்திரத்துக்கு அலுவலகத்துக்கே நேரில் ஆள் அனுப்ப வேண்டும். பத்திரத்தைச் சொத்துக்காக மட்டும் படிக்காதீர்கள். 'இன்னார் பேரனும் இன்னார் குமாரருமான இன்னார்' என்று மூன்று தலைமுறையை ஒரே வரியில் சொல்லும் ஆவணம் வேறு எது? நான்கெல்லையில் வரும் பக்கத்து நிலத்துக்காரர்கள் பெரும்பாலும் பங்காளிகளாக இருப்பார்கள்.

இப்போது எனக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன்: வாக்காளர் பட்டியல். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் ஊர்வாரியாகத் தமிழிலேயே பட்டியல்கள் இருக்கின்றன. 2002, 2005ஆம் ஆண்டுகளின் பழைய பட்டியல்களும் அண்மையில் ஏற்றப்பட்டன. பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது என்று வரிசையாக இருக்கும். தாத்தாவின் தம்பி ஊரிலேயே தங்கிவிட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் பெயரைத் தந்தை பெயராகக் கொண்டவர்களைத் தேடினேன். கோட்டூரில் மூன்று பேர் வந்தார்கள். மூவருக்கும் கையால் கடிதம் எழுதி, தாத்தாவின் இளமைக்காலப் படத்தின் நகலையும் வைத்து அனுப்பினேன். ஏழு வாரம் கழித்து ஒருவரிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, உங்க தாத்தாவுக்கு இடது காதுல ஒரு வெட்டுத் தழும்பு இருந்ததா?" இருந்தது.

பின்புலம் அறிய விரும்பினால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய மாவட்ட விவரச்சுவடிகளும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரைச் சேர்ந்த ஒரு தனி மனிதரின் சேகரிப்பிலிருந்து வளர்ந்தது. பழைய அழைப்பிதழ், துண்டறிக்கை போன்றவற்றுக்கு அங்கே எழுதிக் கேளுங்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆராய்ச்சியாளர்களுக்கு ஏற்றது. தொடக்க நிலையில் உள்ளவர் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஃபேமிலிசர்ச் தளம் இலவசம். அதில் பெயர்ப் பெட்டியை விட்டுவிட்டு, கேட்டலாக் பகுதியில் ஊர்ப்பெயராலும் மாவட்டப் பெயராலும் தேடுங்கள். தேவாலயப் பதிவேடுகள் அகப்படக்கூடும். அதுவும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கே அதிகம் உதவும்.

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், குடும்பங்களுக்கு ஒரு தனி நன்மை இருக்கிறது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்னும் ஒன்பது நகரக் கோயில்களில் தங்களுடையது எது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள். மற்றவர்களுக்கு அந்த இடத்தை நிரப்புவது குலதெய்வம்.

தமிழ்நாட்டுக்கு வெளியே

காரைக்கால்காரர்களுக்கு நல்ல செய்தி. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பகுதியாதலால், அங்கே பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிந்த பழைய ஏடுகள் பிரான்சின் எக்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த ஆட்சிப் பகுதிகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டு ஏடுகளின் படங்களை அதன் தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். எழுத்து பிரெஞ்சில் இருக்கும். பெயர்களை உரக்கப் படித்துப் பார்த்தால் தமிழ் புலப்படும்.

யாழ்ப்பாணத்து வேர் உள்ளவர்கள் நூலகம் என்னும் மின்னூலகத்தை முதலில் திறக்க வேண்டும். 2005இல் தொடங்கிய அந்தத் தளத்தில் ஊர் மலர்கள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் ஏராளம். இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கு நாளில் வழங்கும் நினைவு நூலை அங்கே 'கல்வெட்டு' என்பார்கள். இறந்தவரின் வம்சாவழி அதில் பாட்டாகவே இருக்கும். இங்கே 1910இல் தோன்றிய சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கமும், சிலோன் சாலைச் செண்பக விநாயகர் கோயிலும் பழைய குடும்பங்களை அறிந்த பெரியவர்கள் கூடும் இடங்கள்.

தேடும்போது மனத்தில் வைக்க வேண்டியவை

பழைய ஏடுகளில் சாதி பெயரோடு ஒட்டியே நிற்கும். சில இடங்களில் இழிவான சொல்லால் குறித்திருப்பார்கள். ஒரு முறை அப்படி ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு என் அம்மா அன்று முழுவதும் பேசவில்லை. வீட்டுப் பெரியவர்களுக்குக் காட்டும் முன் நீங்கள் ஒரு முறை படித்துவிடுங்கள். இரண்டாம் தாரம், தத்துப்பிள்ளை, ஊரில் விட்டுவந்த மனைவி எல்லாம் வெளிவரலாம். இன்று உயிரோடு இருப்பவர் யாரையும் அது தொடும் என்றால், அவரிடம் கேட்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் அடையாள எண்ணையும் எந்தப் பொதுத் தளத்திலும் ஏற்ற வேண்டாம்.

கிடைத்த ஒவ்வொரு படத்துக்கும் ஆண்டு, ஊர், ஆள் பெயர் என்ற வரிசையில் கோப்புப் பெயர் இடுங்கள். எங்கே, எந்த நாளில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். ஒரு செய்தி ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் பென்சிலால் எழுதுங்கள். இரண்டு இடத்தில் ஒத்துவந்தால் மையால் எழுதலாம். மரபணுச் சோதனை பற்றிக் கேட்கிறார்கள். தூரத்து உறவினர் யாராவது அகப்படலாம். ஆனால் ஊர் எது என்று அது சொல்லாது. பணத்தைப் பயணத்துக்குச் சேர்த்து வையுங்கள்.

பயணம் போகத்தான் வேண்டும். காவிரி டெல்டாக்காரர்களுக்கும் புதுக்கோட்டை, சிவகங்கைக்காரர்களுக்கும் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது. நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். வெறும் விடுமுறையில் போனால் பாதிப்பேர் சென்னையிலும் திருப்பூரிலும் இருப்பார்கள். தென்மாவட்டங்களில் சாஸ்தா கோயில்களுக்குப் பங்குனி உத்திரத்தன்று குடும்பங்கள் வந்து சேரும். மதுரைப் பக்கம் மாசி சிவராத்திரிக்குக் கூடுவார்கள். உங்கள் குலதெய்வத்துக்கு எந்த நாள் என்பதைப் பூசாரியிடம் முன்கூட்டியே கேட்டு, அதற்கேற்ப டிக்கெட் எடுங்கள். பழைய படத்தைப் பெரிதாக அச்சிட்டு நான்கைந்து பிரதிகள் கொண்டுபோங்கள். ஒன்றைப் பூசாரியிடம் கொடுங்கள். பொங்கல் வைக்கும் இடத்தில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். நீங்கள் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. படத்தைப் பார்த்து அவர்களே வந்து கேட்பார்கள்.